நான்கில் ஒன்று: செங்கடல் சுங்கமும் தமிழகத்து நறுமணப் பொருள்களின் விலையும்

முன்னுரை

பண்டைத் தமிழகத்திற்கும் உரோமப் பேரரசிற்கும் இடையே நடைபெற்ற கடல் வணிகம் தமிழாய்வாளர் பலரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு பாடுகிறது. அந்த மிளகும் அதனுடன் சென்ற நறுமணப் பொருள்களும் முசிறியை விட்டு நீங்கிய பின்னர், அவற்றை வாங்கியவரின் கைக்கு என்ன விலையில் சென்றன என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. பூச்சு எண்ணெயாகவும் கூந்தல் தைலமாகவும் உரோமப் பெருமக்கள் பயன்படுத்திய பொருள்களின் விலையில் இறக்குமதிச் சுங்கம் எத்தகைய பங்கை வகித்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. 77ஆம் ஆண்டளவில் தம் இயற்கை வரலாற்று நூலை நிறைவு செய்த பிளினி, இந்தியாவும் சீனமும் அரபு நாடும் சேர்ந்து ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டெர்ஸ் நாணயங்களைப் பேரரசிலிருந்து கவர்ந்து செல்வதாக வருந்துகிறார். ஆடம்பரமும் மகளிருமே இச்செலவுக்குக் காரணம் என்பது அவர் கூற்று. வணிக வரலாற்று நூல்கள் பலவும் இக்கூற்றை மறுவினா இன்றி எடுத்தாண்டு வந்துள்ளன. எனினும் அவரே தரும் விலைப் புள்ளிகளையும், முசிறி ஒப்பந்தச் சுவடியையும், உரோமச் சுங்கச் சட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் வேறொரு காட்சி புலனாகின்றது. மகளிரின் ஒப்பனை வேட்கையைப் பழித்த அதே அரசின் கருவூலம் அவ்வேட்கையின் பெரும் பங்காளியாக இருந்தது என்பதே அது.

முசிறித் துறையில் ஏற்றப்பட்ட ஒப்பனைப் பொருள்கள்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறி, நெல்கிந்தா ஆகிய துறைகளிலிருந்து ஏற்றுமதியான பொருள்களை நிரல்படக் கூறுகிறது. மிளகு, முத்து, தந்தம், பட்டு, ஆமையோடு, மணிக்கற்கள் ஆகியவற்றோடு கங்கைப்புறத்துச் சடாமாஞ்சியும் தமாலபத்திரமும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இவற்றுள் இறுதியில் கூறப்பட்ட இரண்டும் நறுநெய் வடிப்பதற்கு உரியவை. சடாமாஞ்சி இமயமலைச் சாரலில் விளையும் செடியின் வேர்ப்பகுதியாகும். அது கங்கைச் சமவெளி வழியாகக் கீழ்க்கரை வந்து, பின்னர் மேற்குக்கரைத் துறைகளை அடைந்து கப்பலேறியது. தமாலபத்திரம் இலவங்க இனத்தைச் சார்ந்த மரமொன்றின் இலையாகும். அதன் வடமொழிப் பெயரே கிரேக்க மொழியில் மலபாத்ரோன் எனத் திரிந்தது.

இப்பொருள்கள் தமிழர்க்கு வெறும் ஏற்றுமதிச் சரக்காக மட்டும் இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடுவதற்கு முன் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் கலந்த நீரைப் பயன்படுத்தியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். ஓமாலிகைப் பொருள்களை விரித்துரைக்கும் உரைமரபு கோட்டம், மாஞ்சி, தமாலம் ஆகியவற்றையும் அவற்றுள் எண்ணுகிறது. புகாரில் ஒரு கணிகையின் கூந்தலுக்கு மணமூட்டியவையும் உரோம நகரில் ஒரு செல்வச் சீமாட்டியின் மேனியில் பூசப்பட்டவையும் பெரும்பாலும் ஒரே பொருள்களே என்பது இதனால் அறியலாகின்றது.

வணிகம் ஒருவழிப்பட்டதன்று. முசிறிக்கு இறக்குமதியான பொருள்களுள் கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனக்கல்லையும் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. பாரிகாசா எனப்பட்ட பரூச்சுத் துறைக்கு வந்தவற்றுள், மன்னனுக்கெனக் கொணரப்பட்ட உயர்ந்த நறுநெய்யும் உண்டு. ஆகவே ஒப்பனைப் பொருள்கள் இரு திசையிலும் கடல் கடந்தன; இரு கரைகளிலும் சுங்கம் இறுத்தன.

நான்கில் ஒரு பங்கு வரி

உரோமப் பேரரசின் உட்பகுதிகளில் சுங்க வரி பொதுவாகக் குறைவாகவே இருந்தது. கால் மாகாணங்களில் அது நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு. ஆனால் பேரரசின் கீழை எல்லையைக் கடந்து வந்த சரக்குகளுக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு, வரியாகப் பெறப்பட்டது. கிரேக்கத்தில் இவ்வரி தெதார்த்தே எனப்பட்டது. செங்கடலின் கீழைக் கரையிலிருந்த இலூகே கோமே என்னும் துறையில் நான்கில் ஒரு பங்கு வரி தண்டுவோர் இருந்ததைப் பெரிப்ளூஸ் கூறுகிறது. பல்மைரா நகரக் கல்வெட்டுகளும் இவ்வரியைத் தண்டிய அலுவலரைச் சுட்டுகின்றன.

வரி தண்டும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளோக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் புயலில் சிக்கி இலங்கைக்குச் சென்று சேர்ந்த நிகழ்ச்சியைப் பிளினி விவரிக்கிறார். குத்தகைதாரர் அரசுக்குரிய தொகையோடு தம் ஆதாயத்தையும் வணிகரிடமே பெற்றாக வேண்டும் என்பது வெளிப்படை.

அலெக்சாந்திரியா நகரைப் பற்றி எழுதும் ஸ்திராபோ, இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வரும் விலையுயர்ந்த சரக்குகளுக்கு அங்கு நுழையும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையுமாக இருமுறை வரி தண்டப்பட்டதைக் குறிப்பிடுகிறார். விலைமதிப்பு மிக்க பொருளுக்கு வரியும் மிகுதி என்பதும் அவர் கூற்று. இச்சரக்குகளை மற்ற நாடுகளுக்கு வழங்கும் ஏகபோக நிலை அந்நகருக்கு இருந்ததால் வாங்குவோர்க்கு வேறு வழி இல்லாதிருந்தது.

முசிறி ஒப்பந்தச் சுவடி தரும் சான்று

வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் பாப்பிரஸ் சுவடியொன்று 1985ஆம் ஆண்டு ஹெர்மன் ஹராவர், பீட்டர் சைப்பஸ்டைன் ஆகியோரால் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இச்சுவடி முசிறியின் பெயரை வெளிப்படையாகச் சுட்டுவதால் தமிழாய்வாளரிடையே பெரிதும் அறியப்பட்டதாகும். லயனல் காசன் முதல் ஃபெடரிக்கோ டி ரோமானிஸ் வரை பலர் இதனை ஆராய்ந்துள்ளனர்.

சுவடியின் ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் ஒன்றின் விதிகள் உள்ளன. செங்கடல் துறையில் இறக்கிய சரக்கை ஒட்டகங்களில் ஏற்றிப் பாலைவழியே காவலுடன் கொப்டோஸ் நகருக்குக் கொண்டுசெல்லுதல், அங்கிருந்து நைல் ஆற்றுவழியே அலெக்சாந்திரியா சேர்த்தல், நான்கில் ஒரு பங்கு வரி தண்டும் பொதுப் பண்டகசாலையில் முத்திரையிட்டு வைத்தல் ஆகியன அவ்விதிகளின் சாரமாகும். வரி செலுத்தப்படும்வரை சரக்கு உரியவரின் கையில் இல்லை. முத்திரையின் பிடியில் இருந்தது.

மறுபக்கம் ஹெர்மாப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பீட்டைத் தருகிறது. கங்கைப்புறத்துச் சடாமாஞ்சி 60 பெட்டிகள், பெட்டி ஒன்றுக்கு 4,500 திரக்மா வீதம் 45 தாலந்து என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு தாலந்து 6,000 திரக்மா ஆகும். எகிப்தியத் திரக்மா ஒன்று உரோமரின் செஸ்டெர்ஸ் நாணயம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஈடானது. தந்தமும் பிறவும் சேர்ந்த சரக்கின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 69 இலட்சம் திரக்மாவாகிறது.

இம்மதிப்பு வரி நீங்கலாக எஞ்சிய முக்கால் பங்கின் மதிப்பே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். அவ்வாறு கொண்டால் முழுச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 92 இலட்சம் திரக்மாவாகவும், கருவூலம் பெற்ற பங்கு 23 இலட்சமாகவும் அமைகின்றன. சடாமாஞ்சியை எடுத்துக்கொண்டால், வந்து சேர்ந்த பெட்டிகள் 80. வரியாகச் சென்றவை 20. அக்காலத்தில் உரோமப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 300 தெனாரியஸ், அதாவது 1,200 செஸ்டெர்ஸ். ஒரே கப்பலிலிருந்து கிடைத்த வரி ஏறத்தாழ 1,900 வீரர்களுக்கு ஓராண்டு ஊதியம் வழங்கப் போதுமானதாக இருந்தது. எல்லைக்காவலின் ஒரு பகுதிச் செலவை முசிறியிலிருந்து சென்ற சரக்கே ஏற்றது என்றால் அது மிகையன்று.

வரி விலையாக மாறும் முறை

நான்கில் ஒரு பங்கு வரி என்பதால் விலையும் நான்கில் ஒரு பங்குதான் உயரும் எனக் கருதுவது பொருந்தாது. வரி பண்டமாகவே பெறப்பட்டது என்பது பல ஆய்வாளரின் முடிவாகும். வணிகர் ஒருவர் அலெக்சாந்திரியா வரை கொண்டுவரச் செலவிட்ட தொகை 100 என்றும், கொணர்ந்த சரக்கு 100 அளவு என்றும் கொள்வோம். 25 அளவு கருவூலத்திற்குச் சென்றபின் எஞ்சிய 75 அளவைக் கொண்டே அவர் 100ஐ மீட்க வேண்டும். எனவே ஓர் அளவின் அடக்கவிலை 1இலிருந்து 1.33 ஆகிறது. 25 விழுக்காட்டு வரி 33 விழுக்காட்டு உயர்வாக மாறிவிடுகின்றது.

அவ்வாறே, வரிக்குரிய மதிப்பு முசிறிச் சந்தையின் கொள்முதல் விலையன்று. அலெக்சாந்திரியாவில் கணிக்கப்பட்ட விலையாகும். கப்பல் வாடகையும், பருவக்காற்றுக்காகக் காத்திருந்த மாதங்களுக்கான கடன் வட்டியும், பாலைவழி ஒட்டகக் கூலியும், கொப்டோஸ் நகரில் தண்டப்பட்ட கட்டணங்களும் அம்மதிப்பினுள் அடங்கின. கொப்டோஸில் கிடைத்த கி.பி. 90ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாலைவழியில் செல்லும் ஆட்களுக்கும் ஒட்டகங்களுக்கும் தனித்தனிக் கட்டணங்களை வகுத்துள்ளது. ஆகவே செலவின்மீதும் வட்டியின்மீதும் முன்னரே செலுத்திய கட்டணத்தின்மீதும் மீண்டும் வரி விழுந்தது.

இதற்கு அப்பால் இடைத்தரகரின் ஆதாயம் வருகிறது. ஆதாயம் வாங்கிய விலையின் விழுக்காடாகவே கணிக்கப்படும். 100க்கு வாங்கிய பொருளின்மீது இரு வணிகர் முறையே பாதி பாதி ஆதாயம் வைத்தால் அது 150 ஆகிப் பின் 225 ஆகும். வரியால் 133 ஆன பொருள் அதே முறையில் 200 ஆகிப் பின் 300 ஆகும். எல்லையில் 33ஆக இருந்த வேறுபாடு கடைத்தெருவில் 75ஆக வளர்ந்துவிடுகின்றது. கருவூலம் பெற்றது 33 மட்டுமே. வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்ததோ 75.

இந்தியச் சரக்குகள் உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கப்பட்டதாகப் பிளினி கூறுவது மிகைக்கூற்றாக இருக்கலாம். எனினும் விலை ஏறிய படிக்கட்டுகளை மேற்கண்ட கணக்கு ஒருவாறு புலப்படுத்துகின்றது.

தரைவழிச் சுங்கமும் குடுவை வேறுபாடும்

படிப்படியாக ஏறும் சுங்கத்தைப் பிளினியே வேறோரிடத்தில் விளக்கியுள்ளார். தென் அரபு நாட்டில் விளையும் குந்திரிக்கம் சபோட்டா நகருக்கு ஒரே வாயில் வழியாகக் கொண்டுவரப்பட வேண்டும். அங்குத் தெய்வத்திற்கெனப் பத்தில் ஒரு பங்கு எடைபோடாமல் அளந்தே எடுக்கப்படும். பின்னர் அரசனுக்கும் பூசாரியருக்கும் எழுத்தருக்கும் காவலருக்கும் வாயில்காப்போருக்கும் பங்கு உண்டு. வழிநெடுக நீருக்கும் தீவனத்திற்கும் தங்குமிடத்திற்கும் பணம் கொடுத்து மத்தியதரைக் கடற்கரையை அடைவதற்குள் ஒட்டகம் ஒன்றுக்கு 688 தெனாரியஸ் செலவாகிவிடுகிறது. அதன்பின் உரோம வரிக்குத்தகைதாரருக்கும் வரி செலுத்த வேண்டும். உயர்தரக் குந்திரிக்கம் இராத்தல் 6 தெனாரியஸுக்கு விற்றதாக அவரே கூறுவதால், ஏறத்தாழ 115 இராத்தல் விற்ற பணம் வழிச்செலவுக்கே ஈடாகிறது.

சிரியப் பாலையின் பல்மைரா நகரில் கி.பி. 137ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட சுங்கக் கல்வெட்டு நறுநெய்க்குத் தனி விதி வகுத்துள்ளது. வெண்பளிங்குக் குடுவைகளில் வரும் நறுநெய்க்கு ஒட்டகச் சுமை ஒன்றுக்கு 25 தெனாரியஸ். ஆட்டுத்தோல் பைகளில் வரும் நறுநெய்க்கு 13 தெனாரியஸ். பளிங்குக் குடுவையில் வருவது செல்வர் வீட்டிற்கு உரியது. தோற்பையில் வருவது எளியோர் கடைக்கு உரியது. பொருளின் தரத்தைச் சோதித்தறியும் தொல்லையின்றி, அது அடைக்கப்பட்ட கலத்தைக் கொண்டே வாங்குவோரின் வளத்தை அளந்த சுங்கமுறை இது எனலாம்.

நுகர்வோர் கொடுத்த விலை

சடாமாஞ்சிக் கதிரின் விலை இராத்தலுக்கு 100 தெனாரியஸ் எனப் பிளினி குறிக்கிறார். அதன் இலை அளவுக்கேற்ப 40, 60, 75 தெனாரியஸ் என மூவகை விலை பெற்றது. சிறிய இலையே விலை மிக்கது. தமாலபத்திர இலை இராத்தல் 60 தெனாரியஸ். அதன் எண்ணெயோ 1 தெனாரியஸ் முதல் 400 தெனாரியஸ் வரை விற்றது. கலவை நறுநெய்கள் சில இராத்தலுக்கு 400 தெனாரியஸையும் கடந்தன. கருமிளகு இராத்தல் 4 தெனாரியஸுக்கு விற்ற காலம் அது.

பிளினியின் நாளில் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியஸ். உரோம இராத்தல் இன்றைய அளவில் ஏறத்தாழ 327 கிராம். ஆகவே ஓர் இராத்தல் சடாமாஞ்சி வாங்க வீரனின் ஏறக்குறைய ஐந்தரை மாத ஊதியம் வேண்டும். கிறித்தவ நற்செய்தி நூல்களிலும் இதற்கு ஒத்த சான்று உண்டு. பெத்தானியாவில் இயேசுவுக்குப் பூசப்பட்ட நறுநெய் 300 தெனாரியஸ் பெறும் என அங்கிருந்தோர் முறுமுறுத்தனர். அந்நெய்யைத் தமிழ் விவிலியம் நளதம் என மொழிபெயர்த்துள்ளது. அதுவும் சடாமாஞ்சியின் நெய்யே. கூலியாள் ஒருவனின் நாட்கூலி ஒரு தெனாரியஸ் என்பதும் அந்நூல்களாலேயே அறியப்படுகிறது. எனவே அக்குடுவை ஓர் உழைப்பாளியின் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பாகும்.

கலப்படமும் மாற்றுப் பொருளும்

இத்தகைய விலை இரு விளைவுகளைத் தோற்றுவித்தது. முதலாவது கலப்படம். எங்கும் முளைக்கும் போலிச் சடாமாஞ்சியின் தடித்த இலைகளைக் கலப்பதையும், எடை கூட்டுவதற்காக வேர்களோடு பிசின், ஈயச்சாம்பல், அஞ்சனக்கல் தூள் முதலியன சேர்ப்பதையும் பிளினி எடுத்துரைக்கிறார். நிறம் வெளிறியிருந்தால் போலி என அறிந்துகொள்ளுமாறும் வழிகாட்டுகிறார். ஈயமும் அஞ்சனக்கல்லும் மேனிக்குத் தீங்கு செய்வன. வரியால் ஏறிய விலை இவ்வாறு வாங்குவோரின் தோலின்மீதும் தன் சுவட்டைப் பதித்தது. குந்திரிக்கம் பக்குவப்படுத்திய அலெக்சாந்திரியப் பட்டறைகளில் தொழிலாளரின் ஆடைகளுக்கு முத்திரையிடப்பட்டது. தலையில் முகமூடியோ வலையோ அணிவிக்கப்பட்டது. வெளியேறும்போது ஆடை களைந்து சோதிக்கப்பட்டனர். அங்குலம் அங்குலமாக விலை ஏற்றப்பட்ட பொருளுக்கு அமைந்த காவல் அத்தகையது.

இரண்டாவது மாற்றுப் பொருள். சிரியா, கால், கிரீட் ஆகிய இடங்களில் விளைந்த மாஞ்சி வகைகள் இந்தியச் சடாமாஞ்சிக்கு அடுத்த நிலையில் வைத்து மதிக்கப்பட்டன. கீழை எல்லையின் நான்கில் ஒரு பங்கு வரி பேரரசினுள் விளைந்த இப்பொருள்களைத் தொடவில்லை. உள்நாட்டு விளைச்சலைக் காக்கும் நோக்கம் அவ்வரிக்கு இருந்ததாகச் சான்றில்லை. வருவாயே அதன் நோக்கம். எனினும் விளைவு காப்பு வரியின் விளைவை ஒத்தே அமைந்தது.

எது இன்றியமையாதது?

கி.பி. 533இல் தொகுக்கப்பட்ட டைஜெஸ்ட் என்னும் உரோமச் சட்டத்தொகுப்பில், சுங்கத்திற்குரிய கீழை நாட்டுப் பொருள்களின் பட்டியலொன்று காணப்படுகிறது. மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மார்சியனின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட அப்பட்டியலில் சடாமாஞ்சி, கோட்டம், தமாலபத்திரம், இலவங்கப்பட்டை, முத்து ஆகியன உள்ளன. இந்திய மயிர் என்னும் பொருளும் அதில் இடம்பெறுகின்றது. பொய்முடி செய்வதற்கு ஏற்றுமதியான மனித மயிரே இது என்பது அறிஞர் சிலரின் கருத்து.

அப்பட்டியலில் திப்பிலியும் வெண்மிளகும் உள்ளன, கருமிளகு இல்லை. முசிறிக் கப்பல்களை நிரப்பிய பெருஞ்சரக்கு இவ்வாறு விடுபட்டிருப்பது அது அடுக்களையின் இன்றியமையாப் பொருளாகிவிட்டதைக் காட்டுவதாக விளக்கம் கூறப்படுகிறது. இவ்விளக்கம் ஏற்கப்படின், சமையலுக்குரியது தேவை, மேனிக்குரியது ஆடம்பரம் என அரசு ஒரு கோடு கிழித்ததாகக் கொள்ள வேண்டும். பெண்டிர் பயன்படுத்தும் பொருளாயின் அது ஆடம்பரம் என்னும் பிளினியின் அறக்கருத்து, வரிப்பட்டியலில் சட்டவடிவம் பெற்றுள்ளது.

சுங்கத்தின் சுமையை ஆட்சியாளர் அறியாதவரும் அல்லர். வரிக்குத்தகைதாரரின் கொடுமை குறித்து மக்கள் முறையிட்டதால், கி.பி. 58இல் நீரோ மன்னன் சுங்க வரிகள் அனைத்தையும் ஒழித்துவிட எண்ணியதாகத் தாசிட்டஸ் எழுதுகிறார். அரசின் ஆதாரமே அழிந்துவிடும் என மூதவையினர் தடுத்தனர். இறுதியில், அதுவரை மறைவாக இருந்த வரிவிதிகளை ஊரறிய எழுதிவைக்க வேண்டும் என்னும் ஆணையும் வேறு சில சீர்திருத்தங்களும் மட்டுமே எஞ்சின.

தமிழகத்தில் உல்கு

இதே பொருள்களுக்குத் தமிழகத் துறைகளிலும் வரி இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் சோழனின் சுங்க அலுவலர் ஓய்வறியாது உல்கு தண்டியதையும், அளந்தறிய இயலாத பண்டங்களின்மீது புலி முத்திரை பொறித்ததையும் பட்டினப்பாலை பாடுகிறது. முத்திரையிட்ட பின்னரே சரக்கு நகர்ந்தது என்னும் செய்தி அலெக்சாந்திரியப் பண்டகசாலை விதியோடு ஒப்பு நோக்கத்தக்கது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் சென்ற பெருவழிகளில் உல்கு பெறப்பட்டதையும், வில்லேந்தியோர் அவ்வழிகளைக் காத்ததையும் பெரும்பாணாற்றுப்படை கூறும். காவலும் வரியும் ஒன்றையொன்று சார்ந்திருந்தமை இதனால் விளங்கும்.

திருவள்ளுவர் உல்குபொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைக்கிறார். கடல்வழியும் நிலவழியும் வரும் பண்டங்களுக்குரிய இறையென அதனைப் பரிமேலழகர் விளக்குவார். பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழப்பட்டான். வரியொன்றை நீக்கியது ஒரு பேரரசனின் விருதுப்பெயராகவே நிலைத்தது என்றால், அவ்வரி மக்களின் அன்றாட வாழ்வில் எத்துணைச் சுமையாக உணரப்பட்டிருக்க வேண்டும் என்பது சிந்திக்கத்தக்கது. நீரோ எண்ணி விட்டதைக் குலோத்துங்கன் செய்து பெயர் பெற்றான்.

பிற்காலத் தொடர்ச்சி

பிளினியின் வருத்தம் அவரோடு மறையவில்லை. விடுதலைக்குப் பின், இந்திய மகளிர் அயல்நாட்டு ஒப்பனைப் பொருள்களை வாங்குவதால் அந்நியச் செலாவணி வீணாவதாக ஜவாஹர்லால் நேரு கவலையுற்றார் என்றும், அதன் விளைவாகவே 1952இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியது என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. பொன் வெளியேறுகிறது, காரணம் மகளிர் ஒப்பனை என்னும் வாய்பாடு பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மாறவில்லை. மாறியது திசை மட்டுமே: முன்பு பொன் இந்தியாவை நோக்கி வந்தது, இப்போது இந்தியாவிலிருந்து சென்றது.

2018ஆம் ஆண்டு நடுவணரசின் வரவுசெலவுத் திட்டம் நறுமணத் தைலங்கள், முகப்பூச்சுகள், கூந்தல் பூச்சுகள் முதலியவற்றின் அடிப்படை இறக்குமதித் தீர்வையை 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. தீர்வையின்மீது 10 விழுக்காடு சமூகநல மேல்வரியும், இவற்றைச் சேர்த்த தொகையின்மீது 18 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் விதிக்கப்பட்டன. 100 ரூபாய் மதிப்புள்ள முகப்பூச்சு ஒன்று தீர்வை 20, மேல்வரி 2 சேர்ந்து 122 ஆகி, 18 விழுக்காட்டு வரியோடு 143 ரூபாய் 96 காசாகத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. உயர்வுக்கு முன்னர் அப்போதைய கல்வி மேல்வரி உட்பட இது 130 ரூபாய் 15 காசாக இருந்தது. தீர்வை 10 ரூபாய் உயர, துறைமுக விலை ஏறத்தாழ 14 ரூபாய் உயர்ந்தது. வரியின்மீது வரி ஏறும் அலெக்சாந்திரியக் கணக்கே இங்கும் செயற்பட்டுள்ளது. வணிகரின் ஆதாயம் அதன் பின்னரே சேர்கிறது.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. உரோமின் வரி வருவாயை மட்டுமே நாடியது. 2018ஆம் ஆண்டின் தீர்வை உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. நோக்கம் எதுவாயினும், கடைசிக் கணக்கைத் தீர்ப்பவர் கண்ணாடி முன் நின்று பொருளைப் பயன்படுத்துபவரே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. நான்கில் ஒரு பங்குச் சுங்கம் விலையை நான்கில் ஒரு பங்கு மட்டும் உயர்த்தவில்லை; பண்டமாக எடுக்கப்பட்டதால் அடக்கவிலையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றியது; வட்டி, வழிக்கட்டணம், தரகர் ஆதாயம் ஆகியவற்றோடு கலந்து கடைத்தெருவில் மேலும் பெருகியது. உயர்ந்த விலை செல்வரைத் தடுக்கவில்லை. எளியோரைக் கலப்படத்தை நோக்கித் தள்ளியது. மேனிக்குரிய பொருளை ஆடம்பரம் என வகைப்படுத்தியதே அதன்மீது வரி நிலைபெற்றமைக்கு அறவழி நியாயமாக அமைந்தது.

பேரரசின் பொன்னை மகளிர் கரைத்ததாகப் பிளினி எழுதினார். மகளிர் கொடுத்த பொன்னில் ஒரு பகுதி முசிறிக்கு வரவேயில்லை; அது அலெக்சாந்திரியப் பண்டகசாலையிலேயே தங்கி, படைவீரரின் ஊதியமாகப் பேரரசினுள்ளேயே சுழன்றது. தமிழக வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பிளினியின் 10 கோடியை மேற்கோள் காட்டும்போது, முத்திரையிட்ட அப்பண்டகசாலையில் கருவூலத்திற்கெனப் பிரித்து வைக்கப்பட்ட 20 சடாமாஞ்சிப் பெட்டிகளையும் உடன் எண்ணுதல் வேண்டும்.